மூன்றாம் சுற்றுக்குப் போன மேதை

2010 அக்டோபர் 6. அமெரிக்கக் கால்பந்து லீக்கான என்.எஃப்.எல். சீசனில் நியூ இங்கிலாந்து பேட்ரியாட்ஸ் நான்கு ஆட்டங்கள் ஆடி மூன்றில் வென்றிருந்தது. அந்த நல்ல நேரத்தில்தான் நிர்வாகம் தன் நட்சத்திர வீரர் ராண்டி மாஸை மினசோட்டா வைக்கிங்ஸிடம் தள்ளிவிட்டது. மூன்று ஆண்டுகளுக்கு முன் ஒரே சீசனில், எல்லைக்கோட்டுக்குள் சேர்ந்து புள்ளி தரும் 23 டச் டவுன் பந்துகளைப் பிடித்து லீக் சாதனை படைத்தவர் அவர். பதிலுக்கு வந்தது, அடுத்த ஆண்டுப் புதுமுக வீரர் தேர்வில் ஒரு மூன்றாம் சுற்று இடம்.

காரணம் ஊரறிந்தது. மாஸின் ஒப்பந்தம் அந்த ஆண்டோடு முடிகிறது. புது ஒப்பந்தம் பற்றிப் பேச யாரும் வரவில்லை. முதல் ஆட்டத்தில் ஜெயித்த கையோடு செய்தியாளர்கள் முன் உட்கார்ந்து, இந்த அணிக்குத் தான் வேண்டாதவனாகிவிட்டதாகக் கொட்டித் தீர்த்தார். நான்காவது ஆட்டத்தில் ஒரு பந்துகூட அவர் கையில் சேரவில்லை. இரண்டே நாளில் ஆள் வேறு ஊரில்.

திறமை இருக்கிறது, ஆடும் மனசில்லை, போதாததற்குச் சம்பளத் தகராறு. இப்படிப்பட்டவரை வந்த விலைக்குக் கைமாற்றிவிடுவது என்.எஃப்.எல். அணிகளின் பழைய வழக்கம். தொல்லை விட்டது என்று ரசிகர்களும் கைதட்டுவார்கள். இந்த வழக்கம் எப்போது பலிக்கிறது, எப்போது அணியின் காலையே வாரிவிடுகிறது என்று பார்க்க மாஸைவிட நல்ல உதாரணம் கிடையாது. அவர் இப்படி மூன்று முறை கைமாறியவர்.

ஐரோப்பியக் கால்பந்தில் வீரரை விற்றால் பணம் வரும். அமெரிக்காவில் அப்படியல்ல, வீரருக்குப் பதில் இன்னொரு வீரர், அல்லது வரும் ஆண்டுகளின் புதுமுகத் தேர்வில் ஓர் இடம்; சுற்று முந்தினால் மதிப்பு கூடும். வீரரின் சம்மதம் பெரும்பாலும் தேவையில்லை. இன்னொரு விஷயமும் உண்டு. நூறு மில்லியன் டாலர் என்று தலைப்புச் செய்தியில் வரும் ஒப்பந்தத்தில் உத்தரவாதமுள்ள தொகை மட்டும்தான் நிச்சயம். நடுவில் வீரரை நீக்கிவிட்டால் மீதியை அணி கொடுக்க வேண்டியதில்லை. அணி நினைத்தால் கைகழுவலாம், வீரர் மட்டும் கையெழுத்துக்குக் கட்டுப்பட்டுக் கிடக்க வேண்டும். இந்த ஏற்பாட்டில் பயிற்சிக்கு வராமல் இருப்பதைத் தவிர வீரரிடம் பேரம் பேச வேறு பிடி இல்லை. அதற்குச் சோம்பல் என்று பெயர் வைப்பது நிர்வாகத்துக்கு வசதி.

மாஸ் விஷயத்தில் அந்தப் பெயர் முழுப் பொய்யல்ல. தோன்றும்போதுதான் முழு வேகத்தில் ஆடுவேன் என்ற பொருளில் 2001இல் அவரே சொல்லி வாங்கிக் கட்டிக்கொண்டார். 2005இல் வைக்கிங்ஸ் அவரை ஓக்லண்ட் ரைடர்ஸுக்கு அனுப்பியபோது, ஒரு வீரரும் புதுமுகத் தேர்வின் ஏழாவது இடமும் கைக்கு வந்தன. முதல் சுற்றிலேயே ஏழாவது இடம் என்பது பெரிய விலை. அதைக்கொண்டு மாஸின் இடத்தை நிரப்ப எடுத்த டிராய் வில்லியம்சன் என்ற இளைஞர் சோபிக்கவே இல்லை. விலை நன்றாக வந்தும் வியாபாரம் நஷ்டம்.

ஓக்லண்டில் கதை இன்னும் மோசம். 2006இல் ரைடர்ஸ் 16 ஆட்டங்களில் 2 மட்டுமே வென்றது. சீசன் முழுக்க எடுத்தது 168 புள்ளிகள். தாக்குதல் வியூகத்தை வகுக்க அழைத்துவரப்பட்டவர் டாம் வால்ஷ்; அதற்கு முன் ஐடஹோ மாநிலத்தில் தங்கும் விடுதி நடத்திக்கொண்டிருந்தவர். நகைச்சுவைக்காகச் சொல்லவில்லை, நடந்ததே அதுதான். அந்த அணியில் மாஸ் 42 பந்துகள் பிடித்தார், 3 டச் டவுன். மனம் சோர்ந்திருப்பதால் கவனம் சிதறுகிறது என்று வெளிப்படையாகவே ஒப்புக்கொண்டார். வயதாகிவிட்டது, வேகம் போய்விட்டது, மனசும் இல்லை என்று தீர்ப்பு எழுதி, 2007 ஏப்ரலில் வெறும் நான்காம் சுற்று இடத்துக்கு அவரை பேட்ரியாட்ஸிடம் கொடுத்தார்கள்.

சம்பளத்தைக் குறைத்துக்கொண்டு வந்த மாஸ் அந்த ஆண்டு 98 பந்துகளைப் பிடித்து 1,493 யார்டு எடுத்தார். 23 டச் டவுன் சாதனையும் அப்போதுதான். வழக்கமான சீசனின் 16 ஆட்டங்களையும் பேட்ரியாட்ஸ் வென்றது. ஓர் ஆண்டுக்குள் ஒருவரின் கால் வேகம் திரும்பி வராது. மாறியது சுற்றியிருந்தவை: பந்தை எறிய டாம் பிரேடி, வியூகம் சொல்லத் தெரிந்த பயிற்சியாளர்கள், ஜெயிக்கும் அணி. மனசில்லை என்று ரைடர்ஸ் நிர்வாகம் எழுதிய சீட்டில் பாதி அந்த நிர்வாகத்தைப் பற்றியது.

இந்த வழக்கத்தின் குறை இங்கேதான் இருக்கிறது. மாடு உதைக்கும் என்று ஊர் முழுக்கச் சொல்லிவிட்டுச் சந்தைக்கு ஓட்டிப்போனால் வாங்குகிறவன் என்ன விலை கேட்பான்? வீரரைப் பகிரங்கமாகத் திட்டி, உட்காரவைத்து, சஸ்பெண்ட் செய்து, அதன்பிறகு விற்கும் அணி தன் சரக்கின் விலையைத் தானே இறக்குகிறது.

அப்படியானால் 2010இல் பேட்ரியாட்ஸ் செய்ததும் தவறுதானா? இல்லை. சொல்லப்போனால் இந்த வழக்கம் சரியாகப் பலித்த அரிய சந்தர்ப்பங்களில் அது ஒன்று. பயிற்சியாளர் பில் பெலிச்சிக் மாஸைத் தண்டிக்க விற்கவில்லை. அவர் இல்லாத ஆட்டத்தை ஏற்கெனவே யோசித்து வைத்திருந்தார். ராப் கிராங்கவ்ஸ்கி, ஆரன் ஹெர்னாண்டஸ் என்ற இரண்டு புதுமுகங்களும் வெஸ் வெல்கரும் நெருக்கமான தூரத்தில் பந்தை வாங்கி ஓடும் பாணிக்கு அணி மாறிக்கொண்டிருந்தது. மாஸ் போன சில நாட்களில் டியான் பிராஞ்சை சியாட்டிலிலிருந்து வரவழைத்தார்கள். வேடிக்கை என்னவென்றால், 2006இல் இதே பிராஞ்ச் சம்பளத் தகராறில் முகாமுக்கு வராமல் இருந்தபோது முதல் சுற்று இடத்துக்கு விற்ற அணியும் பேட்ரியாட்ஸ்தான். அந்த சீசனில் பந்து பிடிக்க நல்ல ஆளில்லாமல் திண்டாடி, அரையிறுதி போன்ற ஆட்டத்தில் இண்டியானாபோலிஸிடம் 38-34 என்று தோற்றார்கள். 2006இல் மாற்று ஏற்பாடு இல்லை, 2010இல் இருந்தது. மாஸ் போன பிறகும் தளராமல், மொத்தம் 14-2 என்று சீசனை முடித்தது அணி. பிரேடி ஒரு வாக்குகூடச் சிதறாமல் ஆண்டின் சிறந்த வீரர் ஆனார்.

வாங்கிய வைக்கிங்ஸ் பாடு திண்டாட்டம். அக்டோபர் 31 அன்று மாஸ் பேட்ரியாட்ஸை எதிர்த்து அவர்கள் ஊரிலேயே ஆடித் தோற்றார். செய்தியாளர்களிடம் பேசாததற்கு லீக் 25,000 டாலர் அபராதம் போட்டிருந்த கடுப்பில், இனி கேள்வியும் நானே பதிலும் நானே என்று மைக் முன் நின்று பேட்ரியாட்ஸைப் புகழ்ந்து தள்ளினார். மறுநாளே அவரை நீக்க முடிவெடுத்தார் பயிற்சியாளர் பிராட் சில்ட்ரெஸ். அந்த மாதமே அவர் வேலையும் போயிற்று. பிறகு இன்னோர் அணிக்கும் போய், மொத்தம் மூன்று அணிகளில் ஆடிய மாஸ் அந்த சீசனில் பிடித்த பந்துகள் மொத்தம் 28.

மனசில்லாமை நிஜமாகவே இருந்த வழக்கும் உண்டு. ஆல்பர்ட் ஹேன்ஸ்வொர்த் தற்காப்பு வரிசையில் மலைபோல நிற்பவர். 2009இல் வாஷிங்டன் அணி அவரை ஏழாண்டு, 100 மில்லியன் டாலர் ஒப்பந்தத்தில் எடுத்தது. அதில் 41 மில்லியன் உத்தரவாதம். மறு ஆண்டு வந்த பயிற்சியாளர் மைக் ஷனஹன் தற்காப்பு முறையை மாற்றினார். எதிரணியின் இரண்டு பேரைத் தாங்கிப் பிடித்து மற்றவர்களுக்கு வழிவிடும் வேலை ஹேன்ஸ்வொர்த்துக்கு விழுந்தது. பிடிக்கவில்லை. 2010 ஏப்ரலில் 21 மில்லியன் டாலர் போனஸை வாங்கிக்கொண்டு, கோடைப் பயிற்சிக்கு வர மறுத்தார்.

முகாமுக்கு வந்தபோது ஷனஹன் ஒரு ஓட்டத் தேர்வு வைத்தார். 25 யார்டு தூரத்தை முன்னும் பின்னுமாக ஓடி 300 யார்டு; அதை 70 விநாடியில் முடிக்க வேண்டும். மூன்றரை நிமிட ஓய்வு. மறுபடி 300 யார்டு, 73 விநாடி. மற்றவர்கள் முறையாகப் பயிற்சிக்கு வந்திருந்ததால் இது அவருக்கு மட்டும். முதல் நாள் தோற்றார். ஆகஸ்ட் 7ஆம் தேதிதான் ஒருவழியாகத் தேறினார். நவம்பரில் பிலடெல்ஃபியாவுடனான ஆட்டத்தில் அவர் கீழே விழுந்து அப்படியே கிடக்க, சற்றுத் தள்ளி ஆட்டம் தொடர்ந்த காட்சி தொலைக்காட்சியில் திரும்பத் திரும்ப ஓடியது. டிசம்பரில் நான்கு ஆட்டச் சஸ்பென்ஷன். 2011 ஜூலையில் பேட்ரியாட்ஸுக்கு அனுப்பினார்கள். விலை, 2013ஆம் ஆண்டின் ஐந்தாம் சுற்று இடம். அங்கும் ஆறு ஆட்டங்களில் கசந்துவிட்டது.

ஹேன்ஸ்வொர்த்துக்கு வக்காலத்து வாங்க வழியில்லை. ஆனால் வாஷிங்டன் நிர்வாகத்தையும் தப்பவிட முடியாது. பாணி மாறப்போகிறது என்று தெரிந்தபின், 21 மில்லியன் கைமாறுவதற்கு முன், முடிவெடுக்கும் வாய்ப்பு அவர்களிடம் இருந்தது. பணத்தையும் கொடுத்து, ஓராண்டு தெருச்சண்டையும் போட்டு, கடைசியில் ஐந்தாம் சுற்றுக்கு விற்றார்கள். அதை ஒழுக்கத்தின் வெற்றி என்று கொண்டாடியவர்களும் இருந்தார்கள். உடை மாற்றும் அறையில் மற்றவர்களுக்கு அது ஒரு செய்தி என்பது உண்மைதான். விலை கொஞ்சம் அதிகம்.

விற்காமல் வைத்துக்கொள்வதும் ஒரு வழி. மாஸ் போன அதே 2010இல் பேட்ரியாட்ஸின் லோகன் மேன்கின்ஸ் புது ஒப்பந்தம் கேட்டு முதல் ஏழு ஆட்டங்களுக்கு வரவில்லை. என்னை விற்றுவிடுங்கள் என்றும் பகிரங்கமாகக் கேட்டார். நிர்வாகம் அசையவில்லை. நவம்பரில் அவரே வந்தார், அந்த ஆண்டே, பந்தை எறிபவரைக் காக்கும் 'கார்டு' இடத்தில் லீக்கின் சிறந்தவர்களில் ஒருவராகத் தேர்வானார், மறு ஆண்டு ஆறாண்டு ஒப்பந்தம் கிடைத்தது. இரண்டு தகராறும் ஒரே கூரையின் கீழ்தான். ஒருவருக்கு வயது 33, இடத்தை நிரப்ப ஆட்கள் தயார். இன்னொருவருக்கு 28, மாற்று இல்லை. குணநலன் பற்றிய பேச்சு இரண்டிலும் வெளிப்பூச்சு.

2020இல் லீக்கும் வீரர் சங்கமும் போட்ட புதிய உடன்பாடு இந்த ஆட்டத்தையே கொஞ்சம் மாற்றிவிட்டது. மூத்த வீரர் முகாமுக்கு வராவிட்டால் நாளொன்றுக்கு 50,000 டாலர் அபராதம். அணியே விரும்பினாலும் அதை மன்னிக்க முடியாது. எனவே வீரர்கள் முகாமுக்கு வருகிறார்கள், கூட்டத்தில் உட்காருகிறார்கள், களப்பயிற்சியில் மட்டும் இறங்குவதில்லை. 2021 கோடையில் பிட்ஸ்பர்க்கின் டி.ஜே. வாட் இப்படித்தான் அணியோடு சேர்ந்து ஆடாமல் ஓரமாகத் தனியே உடற்பயிற்சி செய்துகொண்டிருந்தார். சீசன் தொடங்கச் சில நாட்களே இருக்கும்போது நான்காண்டு, 112 மில்லியன் டாலர் ஒப்பந்தம் வந்தது. அந்த ஆண்டு அவர் பந்தை எறியும் எதிரணி குவார்ட்டர்பேக்குகளை 22.5 முறை வீழ்த்தி, 2001 முதல் நின்ற லீக் சாதனையைச் சமன் செய்தார்.