அன்னைக்குப் புரியாத மொழி: டாம்சன் ஹைவேயின் நாவலும் பெயர்ப்புச் சிக்கல்களும்

கனடாவில் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதி தொடங்கி 1990களின் இறுதிவரை, அரசின் பொருளுதவியுடன் கிறித்துவத் திருச்சபைகள் பெரும்பாலும் நடத்திவந்த உறைவிடப் பள்ளிகளில் ஏறத்தாழ 1,50,000 பழங்குடிக் குழந்தைகள் வைக்கப்பட்டிருந்தனர். பெற்றோரிடமிருந்து பிரித்தல், பெயரை மாற்றுதல், தாய்மொழி பேசினால் தண்டித்தல் ஆகியவை அங்கு நிலவிய வழக்கங்கள். பாலியல் வன்கொடுமையும் பல பள்ளிகளில் நிகழ்ந்தது. உண்மை மற்றும் நல்லிணக்க ஆணையம் 2015இல் இதனைப் பண்பாட்டு இனக்கொலை என்று குறித்தது. ஆணையம் முன்வைத்த 94 பரிந்துரைகளுள் ஐந்து, மொழி பண்பாடு என்னும் தலைப்பின்கீழ் வருவன. பள்ளியில் மாற்றப்பட்ட பெயரைக் கட்டணமின்றி மீட்டுக்கொள்ள வழி செய்ய வேண்டும் என்பது அவற்றுள் ஒன்று.

இக்கொடுமையை முன்வைத்து எழுந்த புனைவுகளுள் கிரீ எழுத்தாளர் டாம்சன் ஹைவே 1998இல் வெளியிட்ட 'கிஸ் ஆஃப் த ஃபர் குயின்' என்னும் ஆங்கில நாவல் குறிப்பிடத்தக்கது. வட மானிட்டோபாவைச் சேர்ந்த இரு சகோதரர்களின் கதை இது. பனிச்சறுக்கு நாய்வண்டிப் போட்டியில் வென்ற தந்தைக்குப் பிறந்ததால் மூத்தவன் சாம்பியன். பள்ளியில் அவன் ஜெரமையா ஆகிறான். கிரீ மொழியில் நடனமாடுபவன் எனப் பொருள்படும் ஊனிமீட்டூ என்ற பெயரைத் தாங்கிய இளையவன் கேப்ரியல் ஆகிறான். மூத்தவன் பியானோ இசைஞனாகவும் இளையவன் நடனக் கலைஞனாகவும் வளர்கின்றனர். பள்ளி முதல்வரான பாதிரியார் லஃப்ளூர் இருவரிடமும் இழைத்த தீங்கு அவர்களின் முதிர்ந்த வாழ்வு முழுவதையும் தொடர்கிறது. ஆசிரியரின் வாழ்க்கையோடு இந்நாவலுக்குள்ள தொடர்பு பலராலும் பேசப்பட்டுவிட்டமையால் அதனை இங்கு விரிக்கவில்லை. இந்நூலைத் தமிழாக்க முனைபவர் எதிர்கொள்ளும் சில இடர்ப்பாடுகளே இக்கட்டுரையின் பொருள்.

முதல் இடர்ப்பாடு 'உறைவிடப் பள்ளி' என்ற தொடரிலேயே தொடங்கிவிடுகிறது. தமிழ்நாட்டில் 'அரசு பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளி' என்பது நலத்திட்டச் சொல்; உணவும் தங்குமிடமும் தந்து கற்பிக்கும் இடம் என்பதே அது எழுப்பும் எண்ணம். கனடிய மூலச்சொல்லும் தொடக்கத்தில் இத்தகைய நலச்சொல்லாகவே வழங்கிற்று. அங்கே படித்தவர்கள் வாய்திறந்த பின்னரே அதன் பொருள் கறுத்தது. எனவே 'சிறைப்பள்ளி' என்பது போன்ற புத்தாக்கத்தை நாடுவது தவறாகும். இனிய சொல்லை இனியதாகவே விட்டுவிட்டு, அதன் பொருள் திரிவதைக் கதை காட்டுமாறு செய்தல் வேண்டும்.

இதனினும் நுட்பமானது மொழித்தாவல். விடுமுறையில் வீடு திரும்பிய சகோதரர்கள், தாய் அருகில் இருக்கையிலேயே பள்ளியில் நிகழ்ந்ததைத் தொட்டுப் பேசுகின்றனர். அவ்வேளையில் ஜெரமையா கிரீயை விட்டு ஆங்கிலத்துக்குத் தாவிவிடுகிறான். சொன்னாலும் பெற்றோர் திருச்சபையின் பக்கமே நிற்பர் என்பது அவன் முடிவு. நாவலின் மிகக் கொடிய இடம் இதுவே என்பது என் கருத்து. பள்ளி அடித்துப் புகட்டிய மொழி, பள்ளியின் குற்றத்தைத் தாயிடமிருந்து மறைக்கும் திரையாகிவிடுகிறது. குழந்தையிடம் இழைக்கப்பட்ட தீங்கு குடும்பத்துக்குள் மௌனமாய்க் குடியேறும் கணமும் இதுவே. பள்ளியிலிருந்து மீண்டோர் பலர் தம் மக்களுக்குத் தாய்மொழியைக் கற்பிக்காமல் விட்டனர். தாம் பட்ட அடியை மக்கள் படலாகாது என்ற அன்பே அதற்குப் பெரிதும் காரணம். பள்ளி வாசலையே மிதிக்காத அடுத்த தலைமுறை, பாட்டியோடு பேச மொழியற்று நின்றது இவ்வாறுதான்.

இக்காட்சியைத் தமிழில் அமைப்பது எங்ஙனம்? மூலத்தில் ஆங்கிலமே கிரீயாகவும் ஆங்கிலமாகவும் இருவேடம் பூணுகிறது. பெயர்ப்பில் அவ்விரு வேடங்களும் தமிழின் தலையில் விழுகின்றன. நம் புனைகதை வழக்கப்படி பழங்குடியினர் பேச்சைக் கொச்சைத் தமிழிலும் ஆங்கிலத்தைச் செந்தமிழிலும் தருவோர் உளர். அவ்வாறு செய்வது பள்ளியின் தீர்ப்பையே வழிமொழிவதாகும். கிரீ உரையாடல்கள் நாவலில் நகையும் வளமும் மிக்கவை. ஆகவே அவற்றுக்கு இயல்பான, சொல்வளம் மிக்க தமிழையும், சிறுவர்களின் ஆங்கிலத்துக்கு விறைத்த, பாடப்புத்தகத் தமிழையும் தருவதே பொருந்தும்.

அடுத்தது மூவிடப் பெயர். கிரீ மொழியில் ஆண், பெண் பாகுபாடு இல்லை; உயிருள்ளது, உயிரற்றது என்ற பாகுபாடே உண்டு. அதன்படி கல்லும் உயிருள்ளவற்றின் வரிசையில் அடங்கும். ஹைவே தம் முன்குறிப்பில், கிரீயரின் மாயக்கோமாளியான வீசகிச்சாக் ஆணென்றோ பெண்ணென்றோ வரையறுக்கப்படாதது என்பதைச் சுட்டுகிறார். தமிழின் உயர்திணை, அஃறிணைப் பாகுபாடு வேறு வகையினது. நரி வடிவில் தோன்றும் அவ்வுருவை 'அது' என்றால் தெய்வத்தன்மை போகும். 'அவள்' என்றால் முன்குறிப்பு பொய்க்கும். 'அவர்' என்னும் பலர்பாற் சொல்லே பால் காட்டாதது. ஆனால் அது மரியாதைச் சொல்லுமாகும். 'இல்லை' என முடியும் எதிர்மறை முற்றும் 'வேண்டும்', 'லாம்' முதலிய ஈறுகளும் பால் காட்டா. எனினும் எந்தக் கோமாளியும் கதை முழுவதும் எதிர்மறையிலேயே நடமாட இயலாது!

இவ்விடத்தில்தான் பாதிரியாரின் நினைவு வருகிறது. தமிழ்க் கத்தோலிக்க வழக்கில் அருட்தந்தையை 'அவர்' என்றன்றி வேறு விதமாகச் சுட்டல் ஆகாது. கொடுமை நிகழும் பக்கங்களில் மட்டும் 'அவன் வந்தான்' என மாற்றும் ஆசை பெயர்ப்பாளருக்கு எழும், எழுவது இயற்கை. ஆயினும் அவ்வாறு மாற்றினால் அச்சிறுவனுக்கு இல்லாத விடுதலையை நாம் அவனுக்கு வழங்கியவராவோம். 'அருட்தந்தை கட்டிலருகே வந்தார்' என்ற ஆர் ஈற்றின் மரியாதை அப்படியே நிற்கட்டும். படிப்பவரின் அருவருப்பு அவ்வீற்றிலிருந்தே பிறக்கும்.

வீட்டிகோ என்னும் நரமாமிசம் உண்ணும் ஆவியைப் பாதிரியாரின் உருவமாக நாவல் அமைக்கிறது. கிறித்துவின் உடலை உண்ணும் சடங்கையும் அதனருகே வைக்கிறது. 'நற்கருணை' என்னும் தமிழ்ச்சொல் ஊன் பற்றிய குறிப்பை முற்றிலும் மறைத்துவிடுவதால் அந்த அண்மை தமிழில் மங்கிப்போகும். சடங்கின் சொற்களையே உடன் தந்தாலன்றி அது மீளாது. வீட்டிகோவை அரக்கன் என்பதும் பொருந்தாது. அரக்கர் பிறப்பால் வேறினத்தவர். வீட்டிகோவோ, மனிதனே அவ்வாறு ஆகிவிடக்கூடும் என்ற அச்சத்தை உள்ளடக்கியது. தன் இல்லத்திலேயே கெடுக்கப்பட்ட ஒரு சிறுவனைப் பிற்பகுதியில் எதிர்கொள்ளும் ஜெரமையா, தன்னுள் ஒரு கணம் எழும் உணர்ச்சியைக் கண்டு நடுங்குவதன் பொருள் இங்கேதான் விளங்கும். அச்சொல்லை அப்படியே ஒலிபெயர்ப்பதே தகும்.

நாவல் வெளிவந்த அதே 1998இன் சனவரியில் கனடிய அரசு நல்லிணக்க அறிக்கை ஒன்றை வெளியிட்டது. அதிலிருந்த ஆங்கிலச் சொல்லை 'வருந்துகிறோம்' என்றும் பெயர்க்கலாம். 'மன்னிப்புக் கோருகிறோம்' என்றும் பெயர்க்கலாம். தமிழ் நாளிதழ்கள் வருத்தம் தெரிவித்தலையும் மன்னிப்புக் கோரலையும் வேறுபடுத்தியே எழுதுகின்றன. பாராளுமன்றத்தில் பிரதமர் ஹார்ப்பர் முழுமையான மன்னிப்பைக் கோர 2008 சூன் 11 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. 2022 சூலை 25இல் ஆல்பர்ட்டாவின் மாஸ்குவாசிஸில் போப் பிரான்சிஸ் ஸ்பானிய மொழியில் பேசியபோது, கிறித்துவர் பலர் இழைத்த தீமைக்காக மன்னிப்பு வேண்டினார். ஆணையத்தின் தலைவராயிருந்த மர்ரே சின்க்ளேர், பழி தனிமனிதர் மீது ஏற்றப்பட்டு நிறுவனத்தின் பங்கு விடுபட்டதை உடனே சுட்டினார். எழுவாய் யார் என்னும் இலக்கணக் கேள்வியே அது. தமிழில் அக்கேள்வியினின்று நழுவுதல் மேலும் எளிது. 'தவறு நேர்ந்தது' என்னும் தொடருக்குச் செய்தவனே தேவையில்லை. செய்வினையைச் செயப்பாட்டுவினையாக மாற்றும் உழைப்புகூட வேண்டா.

மன்னிப்பைப் பெறுவோர் பக்கத்திலும் ஒரு சொல்வேறுபாடு உண்டு. கனடிய ஐக்கியத் திருச்சபை 1986இல் சட்பரியில் பழங்குடியினரிடம் மன்னிப்புக் கேட்டது. உறைவிடப் பள்ளிகளைக் குறித்துத் தனியே அது மன்னிப்புக் கேட்டது 1998இல்தான். முதல் மன்னிப்பைப் பெற்றுக்கொண்டதாக 1988இல் பழங்குடித் திருச்சபையினர் அறிவித்தனர், ஏற்றுக்கொண்டதாகக் கூறவில்லை. நினைவாக எழுப்பிய கற்குவியலையும் முடிக்காமலே விட்டுவைத்தனர். பெறுதலும் ஏற்றலும் தமிழில் ஒருபொருட் சொற்களாக மயங்குமாதலின், இந்நிகழ்வைப் பெயர்ப்பவர் 'மன்னிப்பு ஏற்கப்பட்டது' என்று எழுதிவிடாதிருத்தல் வேண்டும்.