தவறின் விலையைக் குறைத்த ஆட்டங்கள்

டோட்டா 2 என்ற கணினி ஆட்டத்தில் முதன்முறையாக இறங்குபவர் முதல் பத்து நிமிடத்தில் எவ்வளவு வேலை செய்ய வேண்டும் என்று பாருங்கள். 120-க்கும் மேற்பட்ட ஹீரோக்களில் ஒருவரைத் தேர்ந்தெடுக்க வேண்டும். லேன் எனும் பாதையில் தானாக நடந்துவரும் எதிரிப் படையாட்களை, அதாவது கிரீப்களை, அடிக்க வேண்டும். அதிலும் உயிர் போகும் கடைசி அடி தன்னுடையதாக இருந்தால்தான் தங்கம். தன் பக்கத்துக் கிரீப் சாகக் கிடந்தால், எதிரிக்கு அந்த லாபம் போகாமல் தானே அதைக் கொன்றுவிட வேண்டும். சேர்ந்த தங்கத்தில் எந்த ஐட்டத்தை எந்த வரிசையில் வாங்குவது என்றும் தெரிந்திருக்க வேண்டும். நடுவில் ஒருமுறை செத்தால் கையிருப்பில் ஒரு பகுதி கரைந்துவிடும், கொன்றவர் கையில் தங்கம் ஏறும். முக்கால் மணி நேரம்கூட இழுக்கக்கூடிய ஆட்டம் இது. முன்பின் தெரியாத நான்கு கூட்டாளிகள் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

ஐந்துக்கு ஐந்து பேர் மோதி எதிரியின் தளத்தை உடைக்கும் இந்த மோபா வகைக்குப் புதியவர்கள் வரத் தயங்குவதற்கு, கற்க வேண்டியது மலையளவு இருப்பதுதான் காரணம் என்று பொதுவாகச் சொல்வார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. கற்பதற்கு நிறைய இருக்கும் ஆட்டத்தை மனிதர்கள் விரும்பியே கற்கிறார்கள். விரட்டுவது தவறின் விலை. ஒரு சாவு எதிரியைப் பணக்காரராக்குகிறது. அந்தப் பணம் ஆயுதமாகிறது. அதே ஆயுதத்தால் அடுத்த சாவு. ஆறாவது நிமிடத்துத் தவறுக்கு முப்பதாவது நிமிடம்வரை வட்டி கட்ட வேண்டும், அதையும் ஐந்து பேரும் சேர்ந்து கட்ட வேண்டும். கூட்டாளி கோபத்தோடு ‘ஃபீட் பண்ணாதே’ (செத்துச் செத்து எதிரியை வளர்க்காதே) என்று தட்டச்சு செய்வது குணக்கேடு மட்டும் இல்லை. ஆட்டத்தின் கணக்கே அவரை அங்கே தள்ளுகிறது.

புதியவருக்கு இடம் கொடுத்த மோபாக்களை இந்தக் கணக்கை வைத்துத்தான் அளக்க வேண்டும் என்பேன். பொத்தான்களின் எண்ணிக்கை இரண்டாம்பட்சம்.

முதல் வெட்டு 2009-இல் விழுந்தது. வார்கிராஃப்ட் 3 ரசிகர்கள் உருவாக்கிய வரைபடமான டோட்டாவிலிருந்து கிளைத்த லீக் ஆஃப் லெஜண்ட்ஸ், தன் கிரீப்பைத் தானே கொல்லும் வழக்கத்தை நீக்கியது, செத்தால் தங்கம் போகும் தண்டனையையும் நீக்கியது. ஆனால் கடைசி அடி இருந்தது, ஐட்டக் கடை இருந்தது, எதிரி பணக்காரராகும் சுழலும் இருந்தது. இன்று 160-க்கும் மேற்பட்ட நாயகர்களோடு அதுவே புதியவரை மிரட்டும் ஆட்டமாகிவிட்டது.

உண்மையான துணிச்சலை 2015 ஜூனில் ப்ளிஸார்ட் வெளியிட்ட ஹீரோஸ் ஆஃப் தி ஸ்டார்மில்தான் பார்த்தேன். கடைசி அடி கிடையாது. தங்கம் கிடையாது, ஆகவே ஐட்டக் கடையும் கிடையாது. 1, 4, 7, 10 என்று குறிப்பிட்ட நிலைகளை எட்டும்போது இரண்டு மூன்று திறன்களிலிருந்து ஒன்றைத் தேர்ந்தெடுத்தால் போதும். இவை எல்லாவற்றையும்விடப் பெரிய மாற்றம் அனுபவப் புள்ளிகளில் வந்தது. ஐந்து பேரும் ஈட்டுவது ஒரே கணக்கில் விழும், ஐந்து பேரும் ஒரே நிலையில் ஏறுவார்கள். புதியவர் லேனில் தடுமாறினாலும் தனியாகப் பின்தங்கி நிற்பதில்லை. கபடியில் அவுட்டாகி வெளியே உட்கார்ந்தவரை, சக வீரர் எடுக்கும் புள்ளி மறுபடி களத்துக்குள் கொண்டுவருகிறது அல்லவா, அந்த நியாயம் இங்கே ஆட்டம் முழுக்க ஓடுகிறது.

வரைபடங்களும் இதே எண்ணத்தில் அமைந்தவை. பிளாக்ஹார்ட்ஸ் பேயில் நாணயங்களைச் சேகரித்துக் கடற்கொள்ளைத் தலைவனிடம் கொடுத்தால், அவன் கப்பல் எதிரியின் கோட்டைகள் மீது குண்டு பொழியும். டிராகன் ஷயரில் இரண்டு சன்னதிகளையும் ஒரே நேரத்தில் பிடித்துவைத்திருக்கும் அணி, நடுவில் நிற்கும் டிராகன் வீரனை எழுப்பிக்கொள்ளலாம். அடுத்து எங்கே போக வேண்டும் என்ற கேள்விக்கு ஆட்டமே கை நீட்டி வழி காட்டுகிறது. பெரும்பாலும் இருபது நிமிடத்துக்குப் பக்கத்தில் எல்லாம் முடிந்துவிடும்.

இதையெல்லாம் பார்த்து ‘குழந்தை ஆட்டம்’ என்று ஒதுக்கியவர்கள் அபாத்தூர் என்ற ஹீரோவை ஆடிப் பார்த்திருக்க வேண்டும். அவன் சண்டைக்கே போவதில்லை. பாதுகாப்பான இடத்தில் உட்கார்ந்துகொண்டு, தொலைவில் மோதும் கூட்டாளியின் உடலில் ஒட்டுயிரியை அனுப்பி அங்கிருந்து சுடுகிறான், கவசம் தருகிறான். சோகால் இன்னும் வியப்பு: ஓர் உடல், இரண்டு தலை, இரண்டு ஆட்டக்காரர்கள். ஒருவர் உடலை நடத்துவார், மற்றவர் அந்த உடலிலிருந்தபடியே மந்திரத்தால் தாக்குவார். கணக்குவழக்கு வேலைகளைக் கழித்த பிறகு கிடைத்த இடத்தில்தான் இப்படிப்பட்ட கற்பனைக்கு வழி பிறந்தது. தங்கமும் தனிநபர் நிலையும் இருந்திருந்தால், இரண்டு பேர் ஓர் உடலைப் பகிர்வது எப்படி சாத்தியம்?

ஆனாலும் இந்த ஆட்டம் அரங்கில் நிலைக்கவில்லை. வெளியீட்டுக்கு முன்பே, 2015 ஏப்ரலில், வட அமெரிக்கக் கல்லூரி அணிகளுக்கான ஹீரோஸ் ஆஃப் தி டார்ம் இறுதிப்போட்டி ஈஎஸ்பிஎன் 2-இல் நேரலையாக வந்தது. பரிசு கல்விக் கட்டணம். அவ்வளவு நம்பிக்கையோடு தொடங்கிய பயணத்தில், 2018 டிசம்பரில் ப்ளிஸார்ட் ஆட்டத்தின் வல்லுநர்களில் சிலரை வேறு பணிகளுக்கு மாற்றுவதாகவும், அடுத்த ஆண்டுக்கான தொழில்முறைப் போட்டித் தொடர் நடக்காது என்றும் அறிவித்தது. அதையே பிழைப்பாக நம்பியிருந்த வீரர்களுக்கும் வர்ணனையாளர்களுக்கும் அது பெரிய அடி. அந்த அறிவிப்பு இன்றும் என் மனதை உறுத்துகிறது.

அந்த முடிவுக்கு வணிகக் காரணங்கள் பல இருக்கலாம். களத்தை மட்டும் வைத்துப் பேசினால், பார்வையாளரின் கோணத்தில் ஒரு குறை உண்டு. லீக் ஆஃப் லெஜண்ட்ஸில் புகழ்பெற்ற வீரரான ஃபேக்கர் தன் எதிராளியைவிட எவ்வளவு தங்கம் கூடுதலாக வைத்திருக்கிறார் என்பதைத் திரையில் பார்க்கலாம். ஒரு தனி மனிதர் வளர்ந்து எழுவது எண்ணாகவே தெரியும். எல்லோரையும் ஒரே நிலையில் ஏற்றும் ஆட்டத்தில் அந்த நட்சத்திரம் உருவாகத் திணறுகிறது. தவறு கூட்டத்தில் கரைவதுபோல் மேதைமையும் கரைகிறது. புதியவருக்குத் தந்த அடைக்கலத்தின் மறுபக்கம் இது, இதை மறைத்துப் பேசுவதில் பயனில்லை.

2021-இல் வந்த போகிமான் யுனைட் வேறு பாதையில் போனது. பத்து நிமிடம், அதோடு கடிகாரம் நின்றுவிடும். கோபுரத்தை இடிப்பதற்குப் பதிலாக எதிரியின் கோல் வட்டத்தில் புள்ளி போட வேண்டும். இதில் எனக்கு மிகவும் பிடித்த முடிவு, ஆட்டம் நடக்கும்போது சரியான ஸ்கோரைக் காட்டாததுதான். முன்னிலையா, தடுமாற்றமா என்று அறிவிப்புக் குரல் கோடிகாட்டும், அவ்வளவே. 200 புள்ளி பின்தங்கியிருக்கிறோம் என்று தெரியாததால் நடுவில் மனம் விட்டுப்போவதில்லை. கடைசி இரண்டு நிமிடம் புள்ளிகள் இரட்டிப்பாகும். முதலில் வெளியான களத்தில் அதே நேரத்தில் ஜாப்டோஸ் என்ற வலிய போகிமானும் நடுவில் இறங்கியது. அதை வீழ்த்திய அணிக்கு கோல் போடுவது நொடி வேலையாக இருந்தது.

இங்கே நான் தயங்குகிறேன். எட்டு நிமிடம் அழகாக ஆடிய அணி ஜாப்டோஸ் மீது விழுந்த ஒரே அடியில் தோற்றதைப் பலமுறை பார்த்திருக்கிறோம். ஹீரோஸ் ஆஃப் தி ஸ்டார்ம் நீக்கிய அதே கடைசி அடி இங்கே ஆட்டத்தின் உச்சத்திலேயே வந்து உட்கார்ந்துவிட்டது. புதியவருக்குக் கடைசிவரை நம்பிக்கை தருவது சரி. அதற்காகத் தேர்ந்தவரின் எட்டு நிமிட உழைப்பை மதிப்பற்றதாக்கினால், இன்றைய புதியவர் நாளை தேர்ந்தவராவதற்கு என்ன காரணம் மிச்சம்? வெளியான புதிதில், போகிமானுக்குப் பூட்டும் பொருள்களைப் பணம் கொடுத்து வேகமாக மேம்படுத்த முடிந்தது இன்னும் மோசம். கற்றுக்கொள்ள வந்தவர் தன் தவறுக்குத் தோற்றாரா, எதிரியின் பணப்பைக்குத் தோற்றாரா என்று அவருக்கே தெரியாது.

பெரிய ஆட்டங்களும் இந்தப் பாடங்களைக் கவனித்தே வந்திருக்கின்றன. 2021-இல் நடந்த உலகப் போட்டிக்கு 4 கோடி டாலருக்கு மேல் பரிசுத்தொகை சேர்த்த டோட்டா 2, அதற்கு நான்கு ஆண்டுகள் முன்பே டர்போ முறையைக் கொண்டுவந்தது. தங்கமும் அனுபவமும் வேகமாகச் சேரும், கோபுரங்கள் எளிதில் விழும், ஆட்டம் சீக்கிரம் முடியும். தவறுக்கு வட்டி கட்டும் காலம் குறைகிறது என்பதால் அதை வரவேற்கிறேன். ஆனால் டர்போவிலும் தங்கம் தனித்தனிக் கணக்குதான். தடுமாறுபவர் ஏழையாகவே நிற்கிறார், அந்த நான்கு பேரும் அதைப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார்கள். ஐந்து பேருக்கும் ஒரே கணக்கு என்ற ஏற்பாட்டை, நட்சத்திரமும் தெரியும்படி செய்துகாட்டும் மோபாவுக்கு இன்னும் இடம் காலியாகவே இருக்கிறது.