இரிடியம் பிளக்கும் ஒரு மில்லிமீட்டர் கேப்பும்

பழைய நான்கு சிலிண்டர் வேகன் ஆரில் என்.ஜி.கே. இரிடியம் பிளக் போட்டு, சேலத்து நெரிசலிலும் ஏற்காடு மலைப்பாதையிலும் பல வாரங்கள் ஓட்டிவிட்டேன். பிக்கப் கூடவில்லை, மைலேஜும் ஏறவில்லை. ஆனாலும் அடுத்த முறை இதையேதான் வாங்குவேன். பவருக்காக அல்ல, கேப்புக்காக.

இரிடியம் போட்டதும் வண்டி துள்ளுகிறது என்று பலர் சொல்லக் கேட்டிருப்பீர்கள். அவர்கள் பொய் சொல்லவில்லை. தேய்ந்துபோன பழைய பிளக்கைக் கழற்றிவிட்டுப் புதிதாக எதைப் போட்டாலும் வண்டி துள்ளத்தான் செய்யும். அதனால் முதலில் சாதாரண நிக்கல் பிளக்கையே புதிதாகப் போட்டு ஓட்டினேன். அதற்குப் பிறகுதான் இரிடியத்துக்கு மாறினேன். ஏற்காட்டின் 20 கொண்டை ஊசி வளைவுகளில் செகண்ட் கியரில் அழுத்தும்போது பழைய பிளக்கில் மிஸ்ஸிங் அடித்துக்கொண்டிருந்தது. புது நிக்கல் போட்ட அன்றே அது நின்றுவிட்டது. இரிடியத்தால் அதற்கு மேல் கிடைத்தது, காலையில் முதல் ஸ்டார்ட் கொஞ்சம் சுருக்காகப் பிடிப்பது மட்டும்தான்.

இதில் வியப்பதற்கு ஒன்றுமில்லை. சக்தி பெட்ரோலிலும் காற்றிலும் இருக்கிறது. பிளக்கின் வேலை அதைச் சரியான நொடியில் பற்றவைப்பது. ஒழுங்காகப் பற்றிக்கொண்ட கலவை, பொறி இன்னும் பலமாக இருந்தது என்பதற்காகக் கூடுதலாக எரியாது. நல்ல பிளக் சக்தியைச் சேர்ப்பதில்லை, கெட்ட பிளக் அதைத் திருடுகிறது. திருட்டு நடக்கும் இடம், நடு முனைக்கும் பக்கத்துக் கொக்கிக்கும் நடுவே உள்ள அந்த ஒரு மில்லிமீட்டர் இடைவெளி, அதாவது கேப்.

கேப் குறைந்தால் பொறி சின்னதாகி, பிறந்த தீ முனைகளின் குளிர்ச்சியிலேயே அவிந்துபோகப் பார்க்கும். ஐட்லிங் நடுங்கும். கேப் கூடினால் பொறி தாண்டுவதற்கு அதிக வோல்டேஜ் வேண்டும். ஏற்றத்தில் ஆக்சிலரேட்டரை மிதிக்கும்போது சிலிண்டருக்குள் அழுத்தம் ஏறுவதால் அந்தத் தேவை இன்னும் உயர்கிறது. அந்த வோல்டேஜை இக்னிஷன் காயிலால் கொடுக்க முடியாத நேரத்தில் பொறி விழாது. சமவெளியில் ஒழுங்காக ஓடும் வண்டி மலையில் மட்டும் இருமுவது இதனால்தான். ஒவ்வொரு பொறியும் உலோகத்தைத் துளித்துளியாக அரிப்பதால், யாரும் தொடாமலே கேப் நாளுக்கு நாள் அகன்றுகொண்டே போகும்.

இரிடியத்தின் பலம் இங்கேதான். நிக்கல் 1,455 டிகிரியில் உருகும், இரிடியம் 2,446 டிகிரி வரை தாங்கும். இந்த உறுதியால்தான் நடு முனையை 0.6 மி.மீ. அளவுக்கு மெல்லியதாக வைக்க முடிகிறது. சாதாரண பிளக்கில் அது 2.5 மி.மீ. முனை கூர்மையானால் குறைந்த வோல்டேஜிலேயே பொறி தாண்டும், காயிலுக்கும் சுமை குறையும். கேப் போட்ட இடத்திலேயே நெடுநாள் நிற்கும்.

எனக்கு ஆத்திரம் வருவது ஒர்க்‌ஷாப்புகளில். பிளக்கைத் தரையில் தட்டி, கண் அளவில் கேப்பைச் சரிபார்த்து, உப்புத்தாளால் தேய்த்துக் கொடுப்பதைச் சர்வீஸ் என்று பில் போடுகிறார்கள். கேப்பை அளக்கும் ஃபீலர் கேஜ் என்ன பெரிய விலையா? உப்புத்தாளின் துகள் பீங்கானைச் சுற்றித் தங்கிவிடும். இரிடியத்தை இப்படித் தட்டினாலோ, நடு முனையில் நெம்பினாலோ அந்த மெல்லிய முனை ஒடிந்துவிடும். வளைக்க வேண்டியிருந்தால் பக்கத்துக் கொக்கியை மட்டும் வளைக்க வேண்டும். அதுவும் கொஞ்சம்தான். என்.ஜி.கே. குறியீட்டின் கடைசியில் 11 என்று இருந்தால் கேப் 1.1 மி.மீ. என்று பொருள். இதைப் படிக்காமலே பிளக் மாட்டுகிறவர்கள் இருக்கிறார்கள்.

பிளக் தன் சூட்டை எவ்வளவு வேகமாகக் கடத்துகிறது என்பதைச் சொல்லும் ஹீட் ரேஞ்சிலும் கவனம் வேண்டும். என்.ஜி.கே.யில் எண் கூடினால் குளிர்ந்த பிளக், போஷில் எண் கூடினால் சூடான பிளக். கம்பெனி மாற்றும்போது எண்ணை அப்படியே கேட்டு வாங்கக் கூடாது. அளவுக்கு மீறிக் குளிர்ந்த பிளக் கரி பிடிக்கும், சூடானது பொறி வரும் முன்பே கலவையைப் பற்றவைத்து பிஸ்டனைக் கெடுக்கும்.

நாலு கொக்கி பிளக் வாங்கினால் நாலு பொறி வரும் என்பதும் நம்பிக்கைதான். ஒரு நேரத்தில் ஒரு கொக்கிக்குத்தான் பொறி தாண்டும். தேய்மானம் பங்கிடப்படுவதால் ஆயுள் கூடும், அவ்வளவே. கொக்கியை V வடிவில் பிளந்து விற்ற ஸ்ப்ளிட்ஃபயர், பவரும் மைலேஜும் கூடும் என்று விளம்பரம் செய்தது. ஆதாரமில்லாத அந்த வாக்குறுதிகளை நிறுத்த அமெரிக்க ஃபெடரல் டிரேட் கமிஷன் 1997-இல் அதனிடம் ஒப்புதல் வாங்கியது. வாஷர் வைத்துக் கொக்கியின் திறந்த பக்கத்தை இன்டேக் வால்வைப் பார்க்கத் திருப்புவதும் தினசரி ஓட்டத்தில் உணரும்படி எதையும் தராது. பிளக்கை முன்னிட்டு எரிதல் உண்மையிலேயே மாற வேண்டுமென்றால் இன்ஜின் ஹெட்டையே அதற்காக வார்க்க வேண்டும். 2003-இல் பஜாஜ் பல்சரில் வந்த இரட்டை பிளக் டிடிஎஸ்-ஐ இன்ஜின் அப்படிச் செய்யப்பட்டது. தீ இரு பக்கமிருந்தும் புறப்படுவதால் அது கடக்க வேண்டிய தூரம் குறைகிறது.

சி.என்.ஜி. வண்டி வைத்திருப்பவர்களுக்குச் சொல்வது வேறு. அந்த வாயுவைப் பற்றவைக்கப் பெட்ரோலைவிட அதிக வோல்டேஜ் வேண்டும். அவர்களுக்கு இரிடியம் கொடுத்த காசுக்கு உழைக்கும்.

பெட்ரோல் காரில் பவர் கூடும் என்று எண்ணி நாலைந்து மடங்கு விலை கொடுக்காதீர்கள். வண்டிப் புத்தகம் சொல்லும் நிக்கல் பிளக்கைக் காலாகாலத்தில் மாற்றினாலே அதே ஓட்டம் கிடைக்கும். அடிக்கடி பானெட்டைத் திறக்க விரும்பாதவர்கள் இரிடியம் வாங்கலாம். எதை வாங்கினாலும் ஃபீலர் கேஜில் அளந்து, கையால் திருகி உட்காரவைத்து, அதன் பிறகு டார்க் ரெஞ்சில் முறுக்கச் சொல்லுங்கள். 14 மி.மீ. த்ரெட் உள்ள பிளக்குக்கு அலுமினிய ஹெட்டில் 25 முதல் 30 நியூட்டன் மீட்டர் போதும்.