சயனைடு மேட்டுக்கு யாரை அனுப்புவது?

விடியுமுன் மாரிக்குப்பத்திலிருந்து கிளம்பும் பெங்களூர் ரயிலில்தான் கோலார் தங்கவயலின் பிழைப்பு ஓடுகிறது. 2001 பிப்ரவரி 28-இல் சுரங்கத்தை மூடிய பிறகு ஊருக்கு வாய்த்தது இதுதான். அந்த ரயிலில் ஏற முடியாத இளைஞர்களும் சுரங்கத் தொழிலாளர்களின் லைன் வீடுகளில் இருக்கிறார்கள். ஆட்டிசம் உள்ளவர்கள், அறிவுசார் குறைபாடு உள்ளவர்கள். வாசலுக்கு எதிரே நூறாண்டுக் கழிவு மேடாகக் கிடக்கிறது. சும்மா இருக்கும் கைகளையும் பாழான மண்ணையும் சேர்த்துவைத்து, அந்த மேட்டில் செடி வளர்த்தால் என்ன? கேட்க நன்றாக இருக்கிறது. தங்கவயல் ஆயிற்றே, உரசிப் பார்த்துவிடுவோம்.

இந்த யோசனைக்கு முன்மாதிரி உண்டு. 2013-இல் கார்த்திகேயன் தொடங்கிய ஸ்ருஷ்டி அமைப்பு, திண்டிவனம் பக்கம் வறண்ட நிலத்தில் அறிவுசார் குறைபாடு உள்ளவர்களோடு ஒரு கிராமத்தையே உருவாக்கியது. 1940-இல் கார்ல் கோனிக் ஸ்காட்லாந்தில் தொடங்கிய கேம்ப்ஹில் சமூகங்களும் இதே வகையைச் சேர்ந்தவை. ‘இயற்கை மனதை அமைதிப்படுத்தும்’ என்ற வழக்கமான பாட்டை விடுங்கள்; இவற்றின் பலம் வேலையின் அமைப்பில் இருக்கிறது. பைக்கு மண் நிரப்புவது, விதை ஊன்றுவது, முளைத்ததை எண்ணுவது எல்லாம் நேற்றுப் போலவே இன்றும் நடக்கும். அதிகம் பேச வேண்டியதில்லை. பலன் கண்ணெதிரே முளைக்கும். ஆனால் எல்லோருக்கும் இது பிடிக்கும் என்று நினைப்பதும் தவறு. ஈர மண் விரலில் பட்டாலே துடித்துப்போகும் பிள்ளைகள் உண்டு.

தங்கவயலின் சிக்கல் இனிமேல்தான். 13 மேடுகள், சுமார் 3.3 கோடி டன். பாறையை மாவாக அரைத்து, சயனைடில் தங்கத்தைக் கரைத்தெடுத்த பின் மிஞ்சிய தூள். சயனைடு வெயிலில் மெல்லச் சிதையும். ஆர்செனிக் அப்படிப் போகாது. காற்றடிக்கும் மாதங்களில் சிலிக்காத் தூசு வீட்டுக்குள் வரும். அறிவுசார் குறைபாடும் ஆட்டிசமும் உள்ளவர்களிடம் மண் தின்னும் பழக்கம் மற்றவர்களைவிட அதிகம். முகக்கவசம் மாட்டலாமே என்றால், முகத்தில் துணி பட்டாலே தாங்காதவர்கள் அவர்களில் பலர். பாதுகாப்புக்கென்று கொடுப்பதே அங்கே தொல்லையாகிவிடும். போதாக்குறைக்கு, இந்த மேடுகளைத் தோண்டி மிச்சத் தங்கத்தை எடுக்கும் திட்டத்துக்கு 2024-இல் கர்நாடக அமைச்சரவை ஒப்புதல் தந்தது. தினமும் தண்ணீர் ஊற்றிய செடியை ஒருநாள் இயந்திரம் வாரிக்கொண்டு போனால், சிறு மாற்றத்துக்கே நிலைகுலையும் பையனுக்கு யார் விளக்குவது?

ஆகவே மேடு வேண்டாம். ஊரோர நாற்றங்கால் போதும். அதோடு, வெளிமான் மேயும் திறந்தவெளிகளை ஆக்கிரமிக்கும் சீமைக் கருவேலங் கன்றுகளைப் பிடுங்கலாம். மீட்பு என்றாலே மரம் நடுவது என்ற எண்ணம் அங்கே உதவாது. புல்வெளியில் மரத்தை அடர்த்தியாக நட்டால் மான் இடம்பெயர்ந்துவிடும்.

எனக்குப் பெரிய உறுத்தல் கூலிதான். 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் ஆட்டிசத்தையும் கற்றல் குறைபாட்டையும் பட்டியலில் சேர்த்தது. ஆனாலும் இவர்களுடைய உழைப்பைப் ‘பயிற்சி’ என்றும் ‘சிகிச்சை’ என்றும் சொல்லிச் சம்பளத்தைத் தவிர்ப்பது எளிது. சிகிச்சை என்றால், அதே குழியைப் பக்கத்தில் தோண்டும் ஆளுக்கு மட்டும் ஏன் கூலி? சுரங்கத்தில் உழைத்த தாத்தாக்களின் நுரையீரலில் படிந்த தூசு எந்தக் கணக்கிலும் ஒழுங்காக ஏறாத ஊர் இது. பேரனின் பெயர் மஸ்டர் என்னும் கூலிப் பதிவேட்டில் ஏறுமா, திட்டப் பணம் தீர்ந்த மறுவாரம் அவன் எங்கே போவான் என்று, இரவு ரயிலில் திரும்பும் அவன் அம்மா கேட்பாள். முதல் நாற்றுப் பையில் மண் விழுமுன் அவளுக்குப் பதில் எழுத்தில் வேண்டும்.