உளவியல் ஆய்வில் டி-சோதனை: ஒரு திறனாய்வு

டி-சோதனை என்பது இரு குழுக்களின் சராசரிகளையோ, ஒரு சராசரியையும் எதிர்பார்க்கப்படும் மதிப்பையும் ஒப்பிட்டு, அவற்றின் வேறுபாடு தற்செயலாக நேரக்கூடியதா என்று மதிப்பிடும் எளிய புள்ளியியல் சோதனை ஆகும். டப்ளின் நகரின் கின்னஸ் மதுபான ஆலையில் பணியாற்றிய வில்லியம் கோசெட், 1908-இல் 'மாணவர்' என்னும் புனைபெயரில் இதன் அடிப்படையை வெளியிட்டார். சிறிய மாதிரிகளுக்கும் பொருந்துவதால் உளவியலில் இது பெரிதும் கையாளப்படுகிறது.

சோதனை சொல்வதும் சொல்லாததும்

முதலில் 'வேறுபாடு இல்லை' என்னும் இன்மைக் கருதுகோள் கொள்ளப்படுகிறது. அது உண்மையானால், கிடைத்த அளவோ அதைவிடப் பெரிதோ ஆன வேறுபாடு தோன்றுவதற்கான நிகழ்தகவே பி-மதிப்பு. அது 0.05-க்குக் கீழே இருந்தால் முடிவு 'முக்கியத்துவம் உடையது' எனப்படும். இதனை 'ஆய்வாளரின் கருத்து உண்மையாக இருக்க 95% வாய்ப்பு' என்று படிப்பது பரவலான பிழை. பி-மதிப்பு அவ்வாறு எதையும் சொல்வதில்லை.

வேறுபாடு பெரியதா என்பதையும் அது சொல்வதில்லை. இரு குழுக்களின் சராசரி வேறுபாடு 1 மதிப்பெண், திட்ட விலக்கம் 10 எனக் கொள்வோம். குழுவுக்கு 25 பேர் என்றால் டி-மதிப்பு ஏறக்குறைய 0.35, முக்கியத்துவம் இல்லை. குழுவுக்கு 1000 பேர் என்றால் 2.24; முக்கியத்துவம் உண்டு. வேறுபாடு அதே 1 மதிப்பெண்தான்.

பெம் ஆய்வு

கார்னெல் பல்கலைக்கழக உளவியலாளர் டேரில் பெம், எதிர்கால நிகழ்வை மனம் முன்னுணரும் என்று காட்ட, 2011-இல் 9 சோதனைகளை வெளியிட்டார். அவற்றுள் 8 முக்கியத்துவம் பெற்றன. முதல் சோதனையில் 100 மாணவர்கள், இரு திரைகளில் எதன் பின்னே படம் தோன்றும் என ஊகித்தனர். பாலுணர்வுப் படங்களில் 53.1% ஊகங்கள் சரியாயின. தற்செயலாக எதிர்பார்க்கத்தக்கது 50%. பி-மதிப்பு 0.01. ஆனால் பிற வகைப் படங்களில் சரியானவை 49.8% மட்டுமே. பல வகைகளைச் சோதித்தால் அவற்றுள் ஒன்று தற்செயலாகவே எல்லையைத் தாண்டக்கூடும். பெம் சோதனைகளில் ஒன்றை ரிச்சி, வைஸ்மன், ஃபிரெஞ்ச் ஆகியோர் மும்முறை திரும்பச் செய்து, அவ்விளைவு கிடைக்கவில்லை என 2012-இல் அறிவித்தனர்.

கணக்கா, கையாளும் முறையா?

சிம்மன்ஸ், நெல்சன், சைமன்சோன் ஆகியோர் 2011-இல் கணினிப் போலச்செய்தல் மூலம் ஒரு விளக்கம் தந்தனர். எதை அளப்பது, எப்போது நிறுத்துவது, எதை விடுவது என்பவற்றைத் தரவைப் பார்த்த பின் முடிவு செய்தால், 5% ஆக இருக்கவேண்டிய தவறான நேர்முடிவுகள் 60.7% வரை உயரும். 2015-இல் 100 உளவியல் ஆய்வுகள் திரும்பச் செய்யப்பட்டன. மூல ஆய்வுகளில் 97% முக்கியத்துவம் பெற்றிருந்தன. மறு ஆய்வுகளில் 36% மட்டுமே பெற்றன.

மதிப்பீடு

குறை டி-சோதனையின் கணக்கில் இல்லை; விதியை ஆட்டத்தின் நடுவே மாற்றுவதில் உள்ளது. கருதுகோளையும் மாதிரி அளவையும் முன்பே பதிவு செய்தல், விளைவின் அளவைப் பி-மதிப்புடன் சேர்த்துத் தருதல், தோற்ற சோதனைகளையும் மறைக்காமல் எழுதுதல் ஆகியவை இதற்கான தீர்வுகள். 0.05-க்குக் கீழான ஒரு பி-மதிப்பு, சோதனையை மீண்டும் செய்து பார்க்கத் தக்க காரணம். 'நிரூபிக்கப்பட்டது' என்று எழுதுவதற்கு அது போதாது.