குண்டு விழும் நேரம்

பள்ளிக்கூட ஆய்வக அலமாரியிலிருந்து ஒன்றே ஒன்றை எடுத்துக்கொள்ளச் சொன்னால், என் கை பித்தளைக் குண்டுக்கும் வளையத்துக்கும்தான் போகும். மரப்பிடி போட்ட கம்பி முனையில் ஒரு வளையம். சங்கிலியில் தொங்கும் ஒரு குண்டு. முள் கிடையாது, அளவுகோல் கிடையாது. பதினெட்டாம் நூற்றாண்டில் ஹாலந்தின் லைடன் பல்கலைக்கழகத்தில் பாடம் நடத்திய ஸ்கிராவசாண்டேயின் பெயரைத்தான் உலகம் இதற்குச் சூட்டியிருக்கிறது.

நல்ல குண்டை எப்படி அறிவது? சூடு காட்டாமல் வளையத்தின் மேல் வைத்தால் தன் எடையிலேயே வழுக்கிக்கொண்டு இறங்க வேண்டும். ஆனால் உள்ளே லொடலொடக்கக் கூடாது. 25 மில்லிமீட்டர் விட்டமுள்ள பித்தளைக் குண்டு 200 டிகிரி செல்சியஸ் சூடு கூடினால் பெருப்பது ஏறத்தாழ 0.1 மில்லிமீட்டர். நோட்டுத் தாள் ஒன்றின் கனம்! கடைசல் பிடிப்பவர் அந்தத் தாள் கனத்துக்குள்தான் தன் வேலையை முடித்தாக வேண்டும். இடைவெளி கொஞ்சம் கூடிப்போனால், எவ்வளவு காய்ச்சினாலும் குண்டு பாட்டுக்கு இறங்கிப் போகும். பிள்ளைகள் வாத்தியார் முகத்தைப் பார்ப்பார்கள். மெழுகுவர்த்தியில் காய்ச்சுவதும் எனக்குப் பிடிக்காது. கரி படிந்து, அந்தக் கரியாலேயே குண்டு சிக்கிவிடும். விரிவு என்று நாம் காட்டியது பொய்யாகிவிடும். ஸ்பிரிட் விளக்குதான் சுத்தம்.

குண்டைக் காய்ச்சுவது பாதிப் பாடம். மீதிப் பாடம் வளையத்தைக் காய்ச்சுவதில் இருக்கிறது. வளையம் சூடானால் அதன் ஓட்டை பெரிதாகுமா, சிறிதாகுமா? கேட்டுப் பாருங்கள், பெரியவர்களே தடுமாறுவார்கள். உலோகம் உள்பக்கமாகவும் பெருத்து ஓட்டையை அடைத்துவிடும் என்றுதான் மனசு சொல்லும்.

திண்டிவனத்திலிருந்து புதுச்சேரி போகும் சாலையில் இருக்கிறது கிளியனூர். அந்தப் பக்கத்துக் கிராமங்களில் மரச்சக்கர வண்டிகள் ஓடிய காலத்தில் இந்தக் கேள்விக்கு எந்தச் சிறுவனும் திணறியிருக்க மாட்டான். சக்கரத்துக்குப் பட்டை போடுவதை நின்று பார்த்தவன் அவன். இரும்புப் பட்டையைச் சக்கரத்தைவிட ஒரு மயிரிழை சின்னதாகவே அடித்து வைப்பார்கள். தரையில் கிடத்தி, சுற்றிலும் வறட்டி அடுக்கித் தீ மூட்டுவார்கள். பட்டை மங்கலாகச் சிவந்ததும் ஆளுக்கொரு பக்கம் இடுக்கியால் பிடித்துத் தூக்கி வட்டையின் மேல் இறக்குவார்கள். மரம் புகையும், உடனே தண்ணீர் ஊற்றுவார்கள். ஆவி எழும்ப, பட்டை இறுக இறுக ஆரக்கால்கள் குடத்துக்குள் நெரிந்து உட்காரும் சத்தம் கேட்கும். ஐந்தடி விட்டமுள்ள பட்டை 500 டிகிரிக்குச் சூடானால் அதன் விட்டம் எட்டு மில்லிமீட்டருக்கு மேல் கூடும் என்பது என் கணக்கு. கொல்லருக்குக் கணக்கு கண்ணிலேயே இருந்தது. ஓட்டை பெரிதாகும் என்பதை ஊரே பார்த்திருந்தது.

இன்று டயர் வண்டி வந்துவிட்டது. அந்தத் தீ வட்டம் தெருவில் இல்லை. அது சொன்ன விஷயத்தை இப்போது சொல்ல இருப்பது ஆய்வகத்து வளையம்தான். அதனால் அதன் மேல் எனக்குக் கூடுதல் பிரியம்.

அலமாரியில் பக்கத்திலேயே ஈருலோகப் பட்டை இருக்கும். ஒரு டிகிரிக்குப் பித்தளை நீளத்தில் பத்து லட்சத்தில் 19 பங்கும் இரும்பு 12 பங்கும் நீளும். இரண்டையும் சேர்த்து ஆணி அடித்துக் காய்ச்சினால் பித்தளை வெளிவளைவில் நிற்க, பட்டை வில்லாக வளையும். இஸ்திரிப் பெட்டியின் ‘டக்’, டியூப் லைட் ஸ்டார்ட்டரின் சிமிட்டல் எல்லாம் இதன் பிள்ளைகள். கோளமானி வைத்து நீள் விரிவு அளக்கும் நீராவிக் குழாய் இன்னும் நுட்பமானது. அரை மீட்டர் பித்தளைத் தண்டு கொதிநீராவியில் நீளும் அரை மில்லிமீட்டர் சொச்சத்தையும் நூற்றில் ஒரு மில்லிமீட்டர் சுத்தமாகச் சொல்லிவிடும். மதிக்கிறேன். ஆனால் அதில் எண் வரும், காத்திருத்தல் வராது.

காய்ச்சிய குண்டை வளையத்தின் மேல் வைத்துவிட்டுக் கையை எடுத்துவிட வேண்டும். தண்ணீரில் முக்கி அவசரப்படுத்தக் கூடாது. குண்டின் சூடு வளையத்துக்கு ஏறுகிறது. குண்டு சுருங்குகிறது, வளையம் அகல்கிறது. ஒன்று விட்டுக்கொடுக்க மற்றது இடம் கொடுக்கிறது. வெளியே பார்த்தால் ஒன்றுமே நடக்கவில்லை. கடைசி பெஞ்சு வரை பேச்சு நின்றுபோகும். ‘டொக்’கென்று சங்கிலி இழுபட, குண்டு கீழே தொங்கும்.

“சார், இன்னொரு தடவை!”

விளக்கை மறுபடி பற்றவைப்பேன்.