யாரைப் பார்த்துச் சிரிப்பது?
கட்டியங்காரன் கலையின் பலமும் பழுதும்

கள்ளக்குறிச்சி வட்டாரத்தில் பாரதக் கூத்து நடக்கும் இரவில் முதலில் கேட்பது துரியோதனன் குரல் அல்ல, கட்டியங்காரன் குரல். கோமாளி உடுப்பில் வந்து ஆடிப் பாடி, இன்றைய கூத்து இன்னதென்று சொல்லி, ராஜா வருகைக்குக் கட்டியம் கூறுகிறான். பிறகு வாயில்காப்போன், தூதுவன், வேலைக்காரன் என்று மாறி மாறி விடியும்வரை கூத்துக் களரியில் நிற்பவனும் அவனே. மற்ற வேஷக்காரர்கள் பாடம் பண்ணிய பாட்டைப் பாடும்போது, இவன் அந்த ஊரையும் அந்த ஆண்டையும் வைத்து நின்ற இடத்திலேயே பாட்டுக் கட்டுகிறான். எழுதி வைக்காத அந்தப் பாட்டு மறுநாள் ஊரார் வாயில் உலவுகிறது. திரைப்படமும் இசைத்தட்டும் வருவதற்கு முன்பே நமக்கு வாய்த்த நகைச்சுவைப் பாடகன் இவன்.

இவனுடைய பெரிய பலம் கேள்வி. திரை விலகுமுன்பே ராஜாவைப் பார்த்து ‘நீ யார்’ என்று கேட்கிறான். ராஜா குலப்பெருமை பாடினால், காதில் தப்பாக விழுந்ததுபோல் அதைத் திருப்பிச் சொல்கிறான். இதில் இரண்டு வேலை நடக்கிறது. பழைய பாட்டின் கடினமான சொல் கேட்பவருக்கு விளங்குகிறது. அதிகாரம் தன்னை விளக்கிச் சொல்லியே ஆகவேண்டிய நிலைக்கு வருகிறது. நிலமும் சாதியும் கட்சியும் ஆளுக்கு ஆள் இடம் ஒதுக்கிவைத்த ஊரில், ஒரு வேலைக்காரன் சிம்மாசனத்தைக் கேள்வி கேட்பதைச் சனம் இரவெல்லாம் விழித்திருந்து பார்க்கிறது. இதற்கு வாய்த்துடுக்கு மட்டும் போதாது. முகவீணைக்கும் ஆர்மோனியத்துக்கும் இசைந்த குரல் வேண்டும், தாளம் பிசகாமல் பேச்சிலிருந்து பாட்டுக்குத் தாவத் தெரியவேண்டும், கர்ணன் சாகும் இடத்தில் சிரிப்பை அடக்கிக்கொள்ளும் பக்குவமும் வேண்டும்.

பழுதும் அதே வாயிலிருந்துதான் வருகிறது. தூக்கம் சொக்கும் நள்ளிரவில் கூட்டத்தை எழுப்ப, பெண் வேஷத்தைச் சீண்டும் இரட்டை அர்த்தப் பேச்சு கைக்கு எளிதாகக் கிடைக்கிறது. துகிலுரிதல் கூத்தில் சேலையைத் தொடுமுன் துச்சாதனன் வேஷக்காரர் கற்பூரம் ஏற்றித் திரௌபதி அம்மனிடம் மன்னிப்புக் கேட்கும் வழக்கம் உண்டு. ஒரு பெண்ணை அவமதிக்கும் காட்சியின் பாரத்தை இந்தக் கலை அவ்வளவு ஆழமாக உணர்ந்திருக்கிறது. அதே களரியில் உயிருள்ள பெண்களின் உடம்பைக் கேலிப்பொருளாக்குவது கலை தன் அறத்தைத் தானே மறப்பதாகும்.

கள்ளக்குறிச்சி மாவட்டத்தில் அந்த மறதி கூடுதலாக வலிக்கும். கூவாகத்தில் சித்திரைதோறும் கூத்தாண்டவராகிய அரவானுக்குத் தாலி கட்டிக்கொண்டு, மறுநாள் அவருக்காக அழுது தாலி அறுக்கும் திருநங்கையர், பாரதப் போருக்காக அவர் தந்த களப்பலியைத் தங்கள் வாழ்க்கையாகவே ஏற்றவர்கள். நடையையும் குரலையும் ‘பொம்பளை மாதிரி’ என்று பழிக்கும் ஒரு பகடி, அந்தக் கதைக்கு மிக நெருங்கியவர்களையே களரியிலிருந்து விரட்டுகிறது.

குடிகாரன் வேடிக்கையும் அப்படித்தான். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியின் கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயம் 60-க்கும் மேற்பட்டோரைக் கொன்றது. அதன் பிறகு தள்ளாடும் கூலிக்காரனைக் காட்டிச் சிரிக்கவைப்பது கல்நெஞ்சம். இங்குள்ள கல்வராயன் மலை என்றாலே சாராய ஊறல் என்று பாடிவிட்டுப் போவதும் அநியாயம். 1970-கள் வரை ஜாகீர்தார்களின் பிடியில் இருந்து, சாலைக்கும் பள்ளிக்கும் ஆஸ்பத்திரிக்கும் காத்துக் கிடந்த மலையாளிப் பழங்குடியினரின் மலை அது. விற்றவன் யார், விற்கவிட்டவன் யார் என்று ராஜாவிடம் கேட்பதுதான் கட்டியங்காரன் வேலை.

அது முடியும் என்பதற்குக் கலைவாணர் என்.எஸ்.கிருஷ்ணன் சாட்சி. வில்லுப்பாட்டிலிருந்து நாடகத்துக்கும் சினிமாவுக்கும் வந்தவர் அவர். அண்ணா எழுதிய ‘நல்லதம்பி’ (1949) படத்தில் மதுவிலக்கைச் சிரிப்போடு சொன்னார். நந்தனார் தில்லைக்குப் போன கதையை, கிந்தன் என்பவன் படிப்பைத் தேடிப் பட்டணம் போகும் காலட்சேபமாக மாற்றினார். சிரிப்பு குறையவில்லை, அது பாயும் திசை மட்டும் மாறியது.

‘சனம் அதைத்தான் கேட்கிறது’ என்பார்கள். அடுத்த ஆண்டும் அழைப்பு வந்தால்தான் அடுப்பெரியும் கலைஞரிடம் அந்தப் பதிலைத் தள்ளிவிட முடியாது. ஆபாசத்தை ஒழிக்கிறோம் என்று கூத்தை அரசு விழிப்புணர்வுப் பிரச்சாரமாகச் சலவை செய்வதும் தீர்வல்ல. அதில் கெட்ட பேச்சோடு கேள்வியும் போய்விடுகிறது. காஞ்சிபுரத்தில் கட்டைக்கூத்துச் சங்கம் குருகுலம் வைத்துப் பெண்பிள்ளைகளுக்கும் கூத்துக் கற்றுக்கொடுத்தது. இங்கே வேண்டியது அதுபோன்ற உள்ளிருந்து வரும் மாற்றம். களரியில் பெண் நிற்கும்போது எந்தச் சிரிப்பு நிலைக்கும், எது உதிரும் என்பது தானே தெரிந்துவிடும்.

கட்டியங்காரனுக்கு ஊர் கொடுத்திருப்பது சாதாரண உரிமை அல்ல. வேறு யாரும் பகலில் சொல்லத் துணியாததை இரவில் பாடும் உரிமை அது. கிரீடம் வைத்தவனை நோக்கிப் பாடும்வரை அவன் எவ்வளவு கொச்சையாகப் பேசினாலும் நான் அவன் பக்கம் நிற்பேன். அடிவாங்கியவரை நோக்கித் திரும்பும் கணத்தில் அவனும் அரசவை ஆள் ஆகிவிடுகிறான். அப்போது அவன் பாட்டு எவ்வளவு இனித்தாலும் அது தோற்ற பாட்டுதான்.